வாயைக் கட்டினால் போதுமா? – வளரிளம் பருவத்தினரின் உடற்பருமனும் பசியும்

 

“வாயைக் கட்டு, உடம்பு தானே இளைக்கும்.” தமிழர் இல்லங்களில் பருமனான பிள்ளை எதற்கும் இவ்வறிவுரை புதியதன்று. பாட்டி சொல்வார், அத்தை சொல்வார், திருமண வீட்டில் முதன்முறையாகக் காணும் தூரத்து உறவினரும் கூசாமல் சொல்வார். அறிவுரைபோல் ஒலிக்கும் அச்சொல்லினுள்ளே ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. பிள்ளை பருத்திருப்பது அதன் அடக்கமின்மையால் விளைந்தது. மனம் வைத்தால் மூன்று மாதத்தில் இளைத்துவிடலாம் என்பதே அத்தீர்ப்பு. கடந்த முப்பது ஆண்டுகளில் மருத்துவ அறிவியல் கண்டறிந்த செய்திகளோடு இத்தீர்ப்பு பொருந்தவில்லை. பசி என்பது வயிறு காலியாக இருப்பதன் பெயர் மட்டுமன்று. உடற்கொழுப்பிலிருந்தும் இரைப்பையிலிருந்தும் குடலிலிருந்தும் மூளைக்குச் செல்லும் பல செய்திகளின் கூட்டு அது. அச்செய்திகளைச் சுமந்து செல்லும் ஹார்மோன்கள் எவை, எடை குறைக்க முயலும் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் உடலில் அவை என்ன செய்கின்றன என்பதே இவ்வுரையின் பொருள்.

இது சிலருடைய சிக்கல் என்று ஒதுக்கத் தக்கதன்று. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் ஐந்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ளோரில் 39 கோடிக்கும் மேற்பட்டோர் மிகை எடை கொண்டிருந்தனர். அவர்களுள் 16 கோடிப் பேர் உடற்பருமன் என்னும் நிலையையே எட்டியவர்கள்.

பசி ஹார்மோன்களின் வரலாறு ஒரு சுண்டெலியிலிருந்து தொடங்குகிறது. 1949ஆம் ஆண்டு அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்னும் கடற்கரை ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில், பிறவியிலேயே அடங்காப் பசி கொண்ட எலிகள் சில காணப்பட்டன. அவை ஓயாமல் தின்று, உடன்பிறந்த எலிகளைப்போல் மும்மடங்கு எடைக்குப் பருத்தன. பின்னாளில் அதே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டக்ளஸ் கோல்மன், பருத்த எலி ஒன்றின் குருதியோட்டத்தை இயல்பான எலியின் குருதியோட்டத்தோடு இணைத்துப் பார்த்தார். பருத்த எலி தின்பதைக் குறைத்து இளைத்தது. ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் ஏதோ ஒரு பொருள் இயல்பான எலியின் குருதியில் இருக்கிறது, பருத்த எலியிடம் அது இல்லை என்று கோல்மன் முடிவு கட்டினார். உயிர்க்கு ஊறு செய்யும் இத்தகைய ஆய்வு முறையை இவ்வவை உவந்து கேட்காது என்பது தெரிந்ததே. ஆயினும் நடந்ததை மறைத்து, விளைந்த பயனை மட்டும் எடுத்துரைப்பது நேர்மையாகாது.

கோல்மன் ஊகித்த பொருள் கையில் அகப்பட மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1994ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஃப்ரீட்மனும் அவர்தம் குழுவினரும் அதற்குரிய மரபணுவைக் கண்டறிந்தனர். அம்மரபணு உருவாக்கும் ஹார்மோனுக்கு லெப்டின் என்று பெயரிட்டனர். மெலிந்தது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. அதைச் சுரப்பது எது என்பதுதான் அனைவரையும் வியக்கவைத்தது. அதுவரை சேமிப்புக் கிடங்காக மட்டுமே கருதப்பட்ட உடற்கொழுப்பே அதைச் சுரந்தது. கொழுப்பு மிகுந்தால் லெப்டின் மிகும்; குறைந்தால் லெப்டின் குறையும். மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதாலமஸ் என்னும் சிறு பகுதி, கிடங்கில் எவ்வளவு இருப்பு உள்ளது என்பதை இந்த ஹார்மோனின் வழியே அறிந்துகொள்கிறது.

எலிக்கு உண்மையானது மனிதர்க்கும் உண்மையா? இவ்வினாவிற்கு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து 1997இல் விடை வந்தது. பாகிஸ்தானைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பம் ஒன்றில் இரு குழந்தைகள், ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள். சிறுமிக்கு வயது எட்டு, எடை 86 கிலோ. சிறுவனுக்கு வயது இரண்டு, எடை 29 கிலோ. பிறந்தபோது இருவரும் இயல்பான எடையுடனேயே இருந்தனர். சில மாதங்களில் அடங்காப் பசி தலைகாட்டியது. உணவு மறுக்கப்பட்டால் அழுகையும் சீற்றமும். உண்டு முடித்தவுடன் மீண்டும் உணவைத் தேடல். ஸ்டீபன் ஓராஹிலியும் சதாஃப் ஃபரூக்கியும் அடங்கிய மருத்துவக் குழு அவர்களின் குருதியைச் சோதித்தபோது லெப்டின் ஏறத்தாழ இல்லாதிருந்தது. லெப்டினுக்குரிய மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. ஏட்டைப் படியெடுப்பவன் ஓர் எழுத்தை விட்டுவிட்டால் அதன்பின் வரும் சீரெல்லாம் பிறழ்ந்து பாட்டே பொருளற்றுப் போவது தமிழ் பயின்றோர் அறிந்தது. அந்த மரபணுவிலும் நடந்தது அதுவே.

சிறுமிக்கு ஒன்பது வயதானபோது, ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய லெப்டினை நாள்தோறும் ஊசி வழியே செலுத்தத் தொடங்கினர். அப்பொழுது அவள் எடை 94 கிலோவிற்கும் மேல். சில நாள்களிலேயே பசி அடங்கத் தொடங்கியது. பன்னிரண்டு மாதத்தில் அவள் இழந்த எடை 16 கிலோவிற்கு மேல். அதில் பெரும்பகுதி கொழுப்பு. மூன்று வயதில் 42 கிலோ இருந்த அச்சிறுவனோ, சில ஆண்டுச் சிகிச்சைக்குப் பின், உயரம் வளர்ந்திருந்தும் 32 கிலோவிற்கு வந்தான். இக்குழந்தைகளுக்கு யாரும் அடக்கம் கற்பிக்கவில்லை. இல்லாதிருந்த ஒரு செய்தியை உடலுக்குத் திரும்பக் கொடுத்தார்கள், அவ்வளவே.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் காயசண்டிகையை இங்கு நினையாமலிருக்க இயலாது. முனிவர் ஒருவரின் நாவற்கனியைக் காலால் சிதைத்தமையால், எவ்வளவு உண்டாலும் தணியாத யானைத்தீ என்னும் பெரும்பசியைச் சாபமாகப் பெற்றவள் அவள். கேம்பிரிட்ஜ் குழந்தைகளுக்கு வந்ததும் இந்நோயே என்று சொல்வது மிகை. ஆயினும் ஒன்று எண்ணத்தக்கது. அடங்காப் பசியைப் பேராசை என்று கொள்ளாமல், உற்றவரை வருத்தும் நோயாகக் காணும் பார்வை தமிழில் மிகப் பழமையானது. அப்பார்வையை இடைக்காலத்தில் எங்கேயோ தொலைத்துவிட்டோர் பலர்.

லெப்டின் கண்டறியப்பட்ட மறு ஆண்டே ஆம்ஜென் என்னும் அமெரிக்க மருந்து நிறுவனம் அதன் உரிமத்திற்காக இரண்டு கோடி டாலர் கொடுத்தது. உலகிலுள்ள பருமனெல்லாம் ஓர் ஊசியில் தீர்ந்துவிடும் என்பது அன்றைய கனவு. அக்கனவு நெடுநாள் நிலைக்கவில்லை. பருமனுற்றோரில் மிகப் பெரும்பாலோர்க்கு லெப்டின் குறைவாக இல்லை, மிகுதியாகவே இருந்தது. கொழுப்பு மிகுதியென்றால் அது சுரக்கும் லெப்டினும் மிகுதிதானே! அவர்கள் மூளை அச்செய்தியைக் கேளாத நிலையை அடைந்திருந்தது. செவிடன் காதில் ஊதிய சங்குபோல் லெப்டின் உரக்கக் கூவியும் பயனில்லை. மேலும் லெப்டினை ஊற்றினாலும் பெரிதாகப் பயன் விளையவில்லை.

இதிலிருந்து ஒரு நுட்பம் புலப்பட்டது. லெப்டினின் தலையாய வேலை மிகுதியைத் தடுப்பதன்று, குறைவை அறிவிப்பது. மழை பொய்த்த ஆண்டுகளையும் வேட்டை வாய்க்காத நாள்களையும் கடந்து வந்தது மனித உடல். அதற்குப் பஞ்சமே பெரும்பகை. ஆதலின் லெப்டின் ஏறும்போது மூளை அசட்டையாக இருக்கிறது. லெப்டின் இறங்கும்போதோ பஞ்சம் வந்துவிட்டதென்று பறையறைந்து, பசியைக் கூட்டி, உடல் செலவிடும் ஆற்றலைச் சுருக்குகிறது. எடை குறைக்க முற்படும் எவரும் எதிர்கொள்ளும் முதல் தடை இதுவே.

லெப்டின் நெடுங்காலக் கணக்கர். அன்றாட வேளைக் கணக்கைப் பார்ப்பவை வேறு. 1999ஆம் ஆண்டு ஜப்பானைச் சேர்ந்த மசயாசு கோஜிமாவும் கெஞ்சி கங்காவாவும் இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்னும் ஹார்மோனைக் கண்டறிந்தனர். உணவு வேளைக்கு முன் குருதியில் இது ஏறும், உண்டபின் இறங்கும். பசியைத் தூண்டுவது இது. இதற்கு எதிர்ப்பக்கம் நிற்பவை குடலின் கீழ்ப்பகுதியில் சுரப்பவை. அவற்றுள் பெப்டைடு ஒய்ஒய், ஜிஎல்பி-1 ஆகிய இரண்டையும் அறிந்திருப்பது இவ்வுரைக்குப் போதும். உண்ட உணவு குடலை எட்டியதும் இவை மூளைக்கு நிறைவைச் சொல்கின்றன. ஜிஎல்பி-1 இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகிறது. கணையத்தின் இன்சுலின் சுரப்பையும் தூண்டுகிறது. ஆனால் அதன் ஆயுள் குறைவு. சுரந்த இரண்டு நிமிடத்திற்குள் அதில் பாதி உடலிலேயே சிதைக்கப்பட்டுவிடும்.

இவையெல்லாம் பெரியவர்க்கும் பொதுவானவை. வளரிளம் பருவத்தில் இவற்றோடு மற்றொரு புயல் சேர்கிறது. பூப்பெய்தும் பருவத்தில் உடல் இன்சுலினுக்கு முன்போல் இணங்குவதில்லை. இது நலமுள்ள பிள்ளைகளுக்கும் நேர்வதே. இக்காலத்தில் பெண்பிள்ளைகளுக்கு லெப்டின் ஏறுகிறது. ஆண்பிள்ளைகளுக்கு, ஆண்மைச் சுரப்பு மிகுந்தபின், இறங்குகிறது. எலும்பு நீள்கிறது, தசை திரள்கிறது, இவையெல்லாம் உணவைக் கேட்கும். ஆகவே இப்பருவத்துப் பிள்ளை நிறைய உண்பது தன்னளவில் குற்றமன்று. எடை குறைக்கும் முயற்சி எதுவாயினும் வளர்ச்சிக்கு வேண்டியதைக் கொடுத்துக்கொண்டே நடைபெற வேண்டும். பெரியவர்க்கு வகுத்த பத்திய அட்டையைப் பாதியாக மடித்துப் பிள்ளைக்குக் கொடுப்பது பேதைமை.

பட்டினி கிடந்து எடை குறைத்தால் என்ன நேரும்? ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பிரியா சுமித்ரனும் ஜோசஃப் ப்ரோயெட்டோவும் நடத்திய ஆய்வு 2011இல் வெளிவந்தது. பருமனுற்ற பெரியவர்கள் ஐம்பதின்மர் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவை உட்கொள்ளத் தொடங்கினர். பத்து வார முடிவில் சராசரியாக 13.5 கிலோ குறைந்தது. லெப்டின் வீழ்ந்தது, கிரெலின் ஏறியது, நிறைவைச் சொல்லும் பெப்டைடு ஒய்ஒய் குறைந்தது. இது எதிர்பார்த்ததே. ஓராண்டு கழித்து அவர்களை மீண்டும் சோதித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. இழந்த எடையில் ஒரு பகுதி திரும்பி வந்திருந்தது. ஹார்மோன்களோ இன்னும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அவர்களின் பசி, முயற்சி தொடங்குமுன் இருந்ததைவிட, ஓராண்டிற்குப் பின்னரும் மிகுந்தே இருந்தது.

இச்செய்தியை மனத்திற்கொண்டு, எடை குறைத்த பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதல் இரு மாதம் எல்லோரும் பாராட்டுவர். மூன்றாம் மாதம் எடைக்கருவியின் முள் நின்றுவிடும். நான்காம் மாதம் பசி பெருகும். யாரும் காணாத வேளையில் அடுக்களைக்குச் சென்று பிஸ்கட் டப்பாவைத் திறக்கும். கண்டுவிட்டால், “அப்பொழுதே தெரியும், உன்னால் முடியாது” என்னும் சொல் காத்திருக்கும். பிள்ளையும் அதையே நம்பிவிடும். உண்மையில் அங்கே தோற்றது அதன் உறுதியன்று. பஞ்சம் வந்ததாகக் கருதிய மூளை தன் கடமையைச் செய்தது. இதைப் பிள்ளைக்கு முன்னரே எடுத்துரைத்திருந்தால், நான்காம் மாதத்தை அது அவமானமின்றிக் கடந்திருக்கும்.

மெல்போர்ன் முடிவைக் கொண்டு மனந்தளர வேண்டுவதில்லை. அவர்கள் பெரியவர்கள், அவர்கள் மேற்கொண்டது விரைந்த முறை. பிள்ளைகளைப் பொறுத்தவரை ஜெர்மனியிலிருந்து வந்த செய்தி ஆறுதல் தருவது. டாட்டெல்ன் என்னும் ஊரிலுள்ள குழந்தைகள் மருத்துவமனையில் தாமஸ் ரைனேர் என்னும் மருத்துவரின் தலைமையில் ஓராண்டுப் பயிற்சித் திட்டம் நடைபெற்றது. உணவு, விளையாட்டு, நடத்தைப் பயிற்சி ஆகியவற்றோடு பெற்றோர்க்கும் அதில் பாடம் இருந்தது. அங்கு வந்த பருமனுற்ற பிள்ளைகளிடம், நிறைவைச் சொல்லும் பெப்டைடு ஒய்ஒய் முதலில் குறைவாக இருந்தது. ஓராண்டில் எடையை நன்கு குறைத்தவர்களிடம் அது ஏறியிருந்ததாக 2005இல் வெளிவந்த ஆய்வுரை கூறுகிறது. அதாவது, மெதுவாக நடந்த மாற்றத்தின் முடிவில், ‘போதும்’ என்னும் செய்தி அப்பிள்ளைகளிடம் வலுப்பெற்றிருந்தது. பெரியவர்களிடம் கண்டதற்கு இது நேர்மாறு.

பிள்ளைகளுக்கு இயற்கை அளித்த சலுகை மற்றொன்றும் உண்டு. அவர்கள் வளர்கிறார்கள். உயரத்திற்கேற்ற எடையா என்பதைக் காட்டும் உடல் நிறைக் குறியீட்டெண், எடையே குறையாமல் நிற்கும்போதும், உயரம் கூடக்கூடத் தானே இறங்கும். ஓராண்டு எடை ஏறாமலிருந்து ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்த பிள்ளை வெற்றி பெற்ற பிள்ளையே. வீட்டிலுள்ள எடைக்கருவி இவ்வெற்றியைக் காட்டாது; சுவரில் உயரத்தைக் குறித்து வைத்த கரிக்கோடு காட்டும்.

உணவைக் குறைப்பது பற்றிய பேச்சில் நோன்பைப் பற்றிய வினா இவ்வவையில் எழுவது இயல்பு. ஆஸ்திரேலியாவின் சிட்னி, மெல்போர்ன் நகரங்களில் 13 முதல் 17 வயது வரையுள்ள, உடற்பருமனும் அதனால் வந்த தொல்லைகளும் உடைய 141 பிள்ளைகளிடம் ஓராண்டு ஆய்வு நடந்தது. முதல் நான்கு வாரம் எல்லோர்க்கும் நாளொன்றுக்கு 800 கலோரி அளவிலான உணவு. அதன்பின் ஒரு பிரிவினர் வாரத்தில் மூன்று நாள் மட்டும் மிகக் குறைவாக உண்டனர். மற்றப் பிரிவினர் நாள்தோறும் அளவாக உண்டனர். 2024இல் வெளியான முடிவின்படி இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் இளைத்தனர். விட்டுவிட்டுக் குறைப்பதால் தனிச் சிறப்பு ஏதுமில்லை. ஒரு சிலர்க்கு அது எளிதாக இருக்கலாம், அவ்வளவே. இங்கே இரண்டு கருத வேண்டும். அப்பிள்ளைகள் உணவியல் வல்லுநர், மருத்துவர் ஆகியோரின் நேர்க் கண்காணிப்பில் இருந்தனர். வீட்டில் தாமே முயல்வதற்குரியதன்று அது. அடுத்து, சமய நோன்பு வினைகளைத் தேய்க்கும் நோக்குடையது. எடையைத் தேய்க்கும் நோக்குடையதன்று. இளைக்க விரும்பும் பெண்பிள்ளை நோன்பின் பெயரால் உணவைத் துறந்து, பாரணைக்குப் பின் அடக்க மாட்டாமல் உண்டு, பிறகு வருந்தி மீண்டும் துறக்கும் சுழலில் சிக்கினால், அது உண்ணும் முறைப் பிறழ்வு என்னும் வேறொரு நோயின் வாயில். தாய்மார்கள் அதனைப் பக்தி என்று மகிழ்ந்துவிடலாகாது.

இனி மருந்துகள். ஜிஎல்பி-1 இரண்டு நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்று கண்டோம் அல்லவா? நெடுநேரம் நிலைக்கும் மாற்று ஒன்று எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்னும் நச்சுப் பல்லியின் உமிழ்நீரில், ஜிஎல்பி-1 போன்று இயங்கி, எளிதிற் சிதையாத பொருள் ஒன்றை ஜான் எங் என்னும் மருத்துவர் 1992இல் கண்டறிந்தார். அதன் வழியே சர்க்கரை நோய்க்கு முதல் மருந்து 2005இல் ஒப்புதல் பெற்றது. பின்னர் வந்த லிராகுளூடைட், செமாகுளூடைட் ஆகியவை மனித ஜிஎல்பி-1ஐ ஒட்டி அமைத்தவை. நொதிக்கும் ஈஸ்ட்டின் துணையால் ஆலையில் உருவாக்கப்படுபவை. மருந்தின் மூலம் என்னவென்று கேட்டறியும் வழக்கமுள்ள குடும்பங்களுக்கு இச்செய்தி பயன்படும்.

வளரிளம் பருவத்தினரிடம் இவை எவ்வளவு பயன் தருகின்றன? செமாகுளூடைட்டை வாரம் ஒருமுறை ஊசியாகப் பெற்ற பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு 2022இல் வெளிவந்தது. பங்கேற்றோர் 201 பேர். காலம் 68 வாரம். மருந்து பெற்றோரின் உடல் நிறைக் குறியீட்டெண் சராசரியாக 16.1 விழுக்காடு குறைந்தது; வெற்று ஊசி பெற்றோர்க்கு 0.6 விழுக்காடு கூடியது. இதற்குமுன் எம்மருந்தும் பிள்ளைகளிடம் இவ்வளவு பயன் தந்ததில்லை. அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்க அரசின் மருந்துத் துறை, பன்னிரண்டு வயது முதல் இதனைப் பயன்படுத்த ஒப்புதல் அளித்தது. மறு பக்கமும் உண்டு. மருந்து பெற்றோரில் 62 விழுக்காட்டினர்க்குக் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு போன்ற வயிற்றுத் தொல்லைகள் வந்தன. வெற்று ஊசி பெற்றோரில் 42 விழுக்காடு. சிலர்க்குப் பித்தப்பைக் கல்லும் உண்டாயிற்று.

ஊசியை நிறுத்தினால் என்னாகும் என்பதே பெற்றோர் கேட்க வேண்டிய வினா. லிராகுளூடைட்டைக் கொண்டு 251 பிள்ளைகளிடம் நடத்திய முந்தைய ஆய்வு அதற்கு விடை கூறுகிறது. 56 வாரம் மருந்து கொடுத்து நிறுத்தினர். அடுத்த 26 வாரத்தில் இழந்த எடை திரும்பி ஏறத் தொடங்கியது. மருந்து பசியின் குரலைத் தாழ்த்துகிறது, அக்குரலை மாற்றிவிடுவதில்லை. பதினான்கு வயதில் தொடங்கும் மருந்தை எத்தனை ஆண்டு தொடர்வது, அவ்வளவு காலம் தொடர்ந்தால் வளரும் உடலில் என்ன நேரும் என்பவற்றிற்கு இவ்வாய்வுகளின் காலம் போதாது. எடைக் குறைப்பிற்கான செமாகுளூடைட் 2025இல் இந்தியச் சந்தைக்கும் வந்துவிட்டது. பேரெடையால் சர்க்கரை நோயும் மூச்சுத்திணறலும் உற்ற பிள்ளைக்கு மருத்துவர் இதனைப் பரிந்துரைத்தால் அஞ்சி மறுப்பது தவறு. திருமணத்திற்கு முன் மெலிய வேண்டும் என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்குவது அதைவிடப் பெருந்தவறு.

மருந்தின்றியே பசி ஹார்மோன்களை இடம்பெயரச் செய்யும் ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் நடக்கிறது. அது தூக்கக் குறைவு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நலமுள்ள இளைஞர் பன்னிருவரை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் உறங்கச் செய்து ஆராய்ந்தனர். 2004இல் வெளிவந்த அதன் முடிவு: லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது, கிரெலின் 28 விழுக்காடு கூடியது, பசியும் கூடியது, அதிலும் இனிப்பும் உப்பும் மாவும் மிகுந்த பண்டங்களின்மேல் நாட்டம் மிகுந்தது. சிறு ஆய்வுதான், இரண்டே இரவுகள்தான். எனினும் அதிகாலை நான்கரை மணிக்குத் தனிப்பயிற்சிக்கு எழுப்பி, இரவு பதினொன்றரை வரை கைப்பேசியோடு விட்டு, இடையில் பப்ஸ் தின்கிறான் என்று கடிவது நியாயமாகத் தோன்றவில்லை.

கடிந்துரைப்பதன் விளைவையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் பள்ளிப் பிள்ளைகளைப் பதினைந்து ஆண்டு தொடர்ந்து கவனித்தனர். வளரிளம் பருவத்தில் எடையைச் சொல்லி வீட்டாரின் கேலிக்கு ஆளான பெண்பிள்ளைகள், முப்பது வயதளவில் இளைத்திருக்கவில்லை. அவர்களிடையே பருமனும், கட்டுப்பாடிழந்து உண்ணும் வழக்கமும் மிகுந்திருந்தன. கேலி செய்தவர்கள் பகைவரல்லர். பெரும்பாலும் நன்மை கருதியே சொன்னவர்களாகத்தான் இருப்பர்.

பிள்ளையைத் தனித்துக் குறிவைக்காமல் செய்யத்தக்கவை பல. பருமனான பிள்ளைக்கு மட்டும் ஒரு தட்டு, மெலிந்த தம்பிக்கு வேறு தட்டு என்னும் பந்தி வேற்றுமை கூடாது; வீடு முழுமைக்கும் ஒரே சமையல். குளிர்பானப் புட்டி வீட்டினுள் வராமலிருந்தால், அதைக் குடிக்காதே என்று நாளெல்லாம் கூற வேண்டியதில்லை. பருப்பும் சுண்டலும் கீரையும் நார்ச்சத்தும் புரதமும் தருபவை. அவை வயிற்றில் நெடுநேரம் நிற்கும். பொழுது சாய்வதற்குள் உணவை முடிக்கும் வழக்கமுள்ள இல்லங்களில், பள்ளியிலிருந்து தாமதமாக வரும் பிள்ளைக்கு அவ்வேளை உணவு பிஸ்கட்டாகச் சுருங்கிவிடாமல் சோறும் கறியுமாக அமைகிறதா என்பதையும் கவனித்தல் நலம்.

வீட்டாரின் அன்பால் மட்டும் தீராத நிலைகளும் உண்டு. ஐந்து வயதிற்கு முன்பே பெரும்பருமனும் அடங்காப் பசியும் தோன்றிய பிள்ளைக்கு மரபணுச் சோதனை தேவைப்படலாம். கேம்பிரிட்ஜ் குழந்தைகளைப் போன்றோர் அரியரேனும் இல்லாமலில்லை. அத்தகைய அரிய குறைபாடுகள் சிலவற்றிற்கு 2020 முதல் தனி மருந்தும் உண்டு. உறக்கத்தில் உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நிற்பதும், பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கு பல மாதம் தள்ளிப்போவதும், முகத்தில் ரோமம் மிகுவதும் மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. பிடரியிலும் அக்குளிலும் கருமையாய், வெல்வெட்டுத் துணிபோல் தடித்துக் காணும் தோலை அழுக்கென்று எண்ணி, பீர்க்கங்காய் நாரும் கடலை மாவும் கொண்டு பிள்ளை அழ அழத் தேய்க்கும் தாய்மார் உளர். அது அழுக்கன்று. பெரும்பாலும் உடல் இன்சுலினுக்கு இணங்காமையின் அடையாளம் அது. தேய்த்தால் போகாது, எடை குறைந்து இன்சுலின் சீரானால் மெல்ல மங்கும். அக்கருமையைக் கண்டவுடன் செய்ய வேண்டியது ஒரு குருதிச் சர்க்கரைச் சோதனை.